ஆளுக்கு ஒரு ஆழாக்கு

என் அத்தை அரிசி திருடவில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்திருந்து ஆளை அசத்தலாம் என்ற ஆசை எனக்கும் உண்டு. காலேஜ் படித்தவளுக்கு அந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி? ஆனால் இந்த ஒரு விஷயத்தில் விளையாட மனசு வரவில்லை. ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அவளைத் திருடி என்று நம்பியது. நம்ப வைத்தவர் நைனா, என் அப்பா. ஒத்தாசை செய்தவள் நான்.

யுத்தம் முடிந்த மறுவருஷம். எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஒன்பது. தம்பியைப் பெற்ற காய்ச்சலிலேயே அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டை நடத்தியவள் நைனாவின் தங்கை. அத்தையின் புருஷன் ரங்கூனுக்கு வேலைக்குப் போனவர். அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து கடுதாசி இல்லை. அத்தை தாலியைக் கழற்றவும் இல்லை, அவரைப் பற்றிப் பேசவும் இல்லை. எங்களுக்குச் சோறாக்கிப் போட்டாள், பேன் பார்த்தாள், மாதா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நல்ல பூசின உடம்பு. இடுப்பில் தண்ணீர்க் குடத்தை வைத்தால் கையை எடுத்தாலும் குடம் அப்படியே உட்கார்ந்திருக்கும். சிரித்தால் அடுத்த வீட்டுக் கோழி எழுந்து ஓடும்.

நைனா ஹார்பரில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ண வேண்டும், குடோனுக்குள் போகும் மூட்டையை எண்ண வேண்டும், இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஒன்றாக இல்லாவிட்டால் நடுவில் எவனோ கை வைத்திருக்கிறான். எண்ணிக்கை சரியாக இருந்து எடை இடித்தாலும் அதே முடிவு: எவனோ சாக்கில் ஓட்டை போட்டு உருவியிருக்கிறான். அவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம். அந்த சாஸ்திரத்தை வைத்து இருபது வருஷம் சோறு தின்றார். மனுஷ உடம்பும் ஒரு சாக்கு மூட்டை என்று அவர் நினைத்துவிட்டார். எங்கள் வீடு கெட்டது அதில்தான்.

அந்த வருஷம் ரேஷனைக் குறைத்தார்கள். அதுவும் முழுக்க அரிசி கிடையாது. கொஞ்சம் அரிசி, கொஞ்சம் கோதுமை, மாட்டுக்குப் போடுகிற மாதிரி ஒரு சிவப்புச் சோளம். ராயபுரத்துக்காரன் கோதுமையை என்ன செய்வான்? கஞ்சி காய்ச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். மீன் கிடைத்தது, ஆனால் வறுக்க எண்ணெய் இல்லை. நைனா ஒரு நாள் சமையல்கட்டில் வந்து நின்று சட்டம் போட்டார்.

"இன்னிலேர்ந்து வேளைக்கு ஆளுக்கு ஒரு ஆழாக்கு. பெரியவன், சின்னவன், ஆம்பள, பொம்பள, எல்லாத்துக்கும் ஒண்ணுதான். நானே அளந்து குடுப்பேன்."

"சரிண்ணா," என்றாள் அத்தை. "பசங்களுக்கு மட்டும் ஒரு கை சேத்து..."

"கை கிய்யி எல்லாம் கெடயாது. ஆழாக்குன்னா ஆழாக்கு."

அளந்தார். அரைக்கால் படி பிடிக்கும் ஆழாக்கைத் தலை தட்டி, விரலால் வழித்து, ஒரு மணி கூடாமல். அதில் அவரிடம் குறை சொல்ல முடியாது. தனக்கும் அதே அளவுதான் வைத்துக்கொண்டார்.

மாசத்துக்கு ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்களைத் தண்டையார்பேட்டை குடோனுக்குக் கூட்டிப் போவார். வாட்ச்மேன் அவருக்கு தோஸ்து. மூட்டை நிறுக்கும் பெரிய மேடைத் தராசில் எங்களை ஒவ்வொருவராக ஏற்றுவார். எனக்கும் தம்பிக்கும் அது ஒரே குஷி. அத்தைக்கு மானம் போகும். "ஆடு மாடு மாதிரி இன்னாண்ணா இது" என்று முந்தானையை இறுக்கிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறுவாள்.

நாலு மாசத்தில் நைனாவின் தொப்பை போன இடம் தெரியவில்லை. சட்டைக்குள் காற்று புகுந்து விளையாடியது. பெல்ட்டில் ஆணியால் புதுசாக இரண்டு ஓட்டை போட்டார், பிறகு மூன்றாவது. அத்தையும் இளைத்தாள். இப்போது கண்ணை மூடினால் நன்றாகத் தெரிகிறது: கன்னம் ஒட்டிவிட்டது, கழுத்து எலும்பு இரண்டும் குச்சி மாதிரி நின்றது, வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. ஆனால் இடுப்பும் தொடையும் அப்படியேதான் இருந்தன. பின்னாலிருந்து பார்த்தால் பழைய அத்தைதான். ஊர் அவளைப் பின்னாலிருந்துதான் பார்த்தது. தராசு முள்ளும் நைனாவுக்கு இறங்கிய அளவுக்கு அவளுக்கு இறங்கவில்லை.

நாலாவது மாசம் நைனா எங்களை நிறுத்துப் பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, அரிசிப் பானைல தெனம் ஒரு குறி போட்டு வை. நீதான் என் டேலி கிளார்க்கு. அத்தைக்குத் தெரியக் கூடாது, இன்னா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய துப்பறியும் புலி என்று நினைப்பு. தினமும் நைனா அளந்து எடுத்ததும் பானை அரிசியைத் தடவிச் சமமாக்கி, அதன் மேல் என் வலது கையை விரித்து அழுத்தி வைப்பேன். மறுநாள் காலையில் ஓடிப் போய்ப் பார்ப்பேன். அஞ்சு விரலும் அப்படியே இருக்கும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஆறு வாரம் பார்த்தேன். ஒரு நாள்கூடக் கலையவில்லை.

அதைத்தான் நைனாவிடம் சொன்னேன். கலையவே இல்லை என்று. அதைக் கேட்டு அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"கில்லாடி," என்றார். "எட்த்துட்டு திரும்ப உன் கை மாதிரியே வெச்சி வுட்றா. குடோன்ல சீலு ஒடைக்காமயே மூட்டைய காலி பண்றவன் கீறான். எல்லாம் பாத்துட்டேன்."

அத்தையின் கை என் கையைப் போல இரண்டு மடங்கு. அவள் கையை வைத்தால் என் குறி மாதிரி எப்படி வரும்? எனக்கு அது தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் கில்லாடி என்ற வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. திருட்டு இல்லை என்றால் துப்பறியும் புலிக்கு என்ன வேலை? வாயை மூடிக்கொண்டேன். பதினொரு வயசு என்று சாக்குச் சொல்ல இப்போது மனசு வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சாயந்தரம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நைனா கேட்டேவிட்டார்.

"ஏம்மே, ஒரே ஆழாக்குதான் நானும் துன்றேன், நீயும் துன்றே. நான் கருவாடு கணக்கா ஆயிட்டேன். நீ இன்னா அப்படியே கீறே?"

அத்தை கேலி என்று நினைத்துச் சிரித்தாள். "என் வொடம்பு வாகு அப்படிண்ணா. காத்து குடிச்சாலும் ஒட்டும்."

"காத்தா, அரிசியா?"

சிரிப்பு நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். "இன்னாண்ணா சொல்றே?"

"எட்த்தியா இல்லையா, அதச் சொல்லு."

"எங்கம்மா மேல ஆணையா எடுக்கலண்ணா."

"தராசு பொய் சொல்லாதுமே."

அன்றைக்கு அவள் தன் தட்டை அப்படியே தம்பிக்குத் தள்ளிவிட்டாள். மறுநாள் பாதிதான் சாப்பிட்டாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று ஒரு வீம்பு. பாதி சாப்பிட்டு இரண்டு வாரத்தில் அவள் முகம் இன்னும் சுண்டியது. தண்ணீர் இறைக்கும்போது கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பு மட்டும் பிடிவாதமாக அங்கேயே இருந்தது. அவளுடைய உடம்பே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. நைனா அதையும் குறித்துக்கொண்டார்: தட்டில் பாதிதான் தின்கிறாள், ஆனாலும் கரையவில்லை, அப்படியானால் வேறு எங்கேயோ தின்கிறாள். கணக்கு இன்னும் கெட்டியாகிவிட்டது அவருக்கு.

விஷயம் சுவர் தாண்டியது. எதிர்வீட்டு அக்கா, நாக்கில் ஈரமே இல்லாத மனுஷி, குழாயடியில் எல்லாருக்கும் முன்னால் கேட்டாள். "இன்னாம்மே, உங்க வூட்டுல மட்டும் ரேஷனு கார்டு ரெண்டா?" எல்லாரும் சிரித்தார்கள். அத்தை குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டாள்.

எங்களை மாதிரி வேதக்காரர்களுக்கு பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் அன்று நன்மை, அதாவது பூசையில் சாமியார் கையால் கொடுக்கிற அப்பம், வாங்குவது கட்டாயம். வாங்காவிட்டால் தெரு முழுக்க, ஏன் வாங்கவில்லை, என்ன பாவத்தில் கிடக்கிறாள் என்று கேட்கும். அதற்கு முன்னால் சாமியார் காதில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்க வேண்டும், செய்ததை மறைக்காமல். நைனா அந்தக் கத்தியைத்தான் எடுத்தார்.

"பெரிய வெள்ளிக்குள்ள சாமியார்கிட்ட போயி ஒத்துக்கோ. ஒத்துக்காம நன்மை வாங்கினே, நானே எழுந்து தடுப்பேன். கோயில்னு பாக்க மாட்டேன்."

அவர் தடுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தடுப்பார் என்று அத்தை நம்பினாள். பாஸ்கு அன்று முழு ராயபுரமும் கூடியிருக்கும்போது அண்ணன் எழுந்து நின்று திருடி என்று சொல்வதை நினைத்துப் பார்த்தாள் போலிருக்கிறது. பெரிய வியாழன் மத்தியானம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். சாமியார் உட்காரும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசை நீளம். அவள் முட்டி போட்ட இடத்தில் வெகுநேரம் இருந்தாள். வெளியே வந்தபோது முகம் துணி பிழிந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து, பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்த நைனாவிடம் நின்றபடியே சொன்னாள்.

"சொல்லிட்டேண்ணா. எட்த்தேன்னு சொல்லிட்டேன். போதுமா?"

நைனா முகத்தில் கோபம் இல்லை. கணக்குச் சரியாக வந்தவனுடைய நிம்மதிதான் இருந்தது. "போவட்டும், இனிமே ஒயுங்கா இரு," என்றார்.

பாஸ்குக்கு அவள் நன்மை வாங்கினாள். யாரும் தடுக்கவில்லை. அடுத்த வாரமே எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்னியர் மடத்துச் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்து போய்விட்டாள். நைனா போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. தம்பி பஸ்வரைக்கும் அழுதுகொண்டே ஓடினான். நான் வாசலில் நின்றேன்.

ஒன்பது வருஷம். நான் பள்ளிக்கூடம் முடித்து, காலேஜில் சேர்ந்து, இங்கிலீஷில் சண்டை போடக் கற்றுக்கொண்டேன். அத்தை கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை வருவாள், எங்களுக்குத் துணி கொடுத்துவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போவாள். எங்கள் வீட்டில் ஒரு பருக்கைகூட அவள் சாப்பிட்டதில்லை.

போன வருஷம் எனக்கும் தம்பிக்கும் ஒரே சமயத்தில் டைபாய்டு. டாக்டர் இரண்டு பேருக்கும் ஒரே பத்தியம் எழுதினார்: பார்லித் தண்ணீர், கஞ்சி, ஆரஞ்சுச் சாறு. வீட்டில் வேறு பொம்பளை கிடையாது. நைனாவே லீவு போட்டுக் காய்ச்சினார், ஒரே சட்டியில். ஒரே டம்ளரில் அளந்து ஊற்றினார். மூன்று வாரம் வேறு எதுவும் எங்கள் வாயில் போகவில்லை. எழுந்து நிற்கக்கூடத் தெம்பு இல்லாதபோது யார் போய் எதைத் திருடுவது?

காய்ச்சல் விட்டதும் எங்களை வாசலில் பாய் போட்டு உட்கார வைத்தார். தம்பி அதற்கு முன்னால் கபடி ஆடுகிற வாட்டசாட்டமான பையன். இப்போது கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி இருந்தான். வயிறு முதுகோடு ஒட்டிக்கிடந்தது. எனக்கு முகமும் கையும் வற்றியிருந்தன. ஆனால் பாவாடை நாடா பழைய முடிச்சுக்குப் பக்கத்திலேயே நின்றது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் வாய்க்கு மட்டும் வயசே ஆகவில்லை.

"இன்னாடி படிச்ச புள்ளே, தம்பி கஞ்சியையும் நீயே குட்ச்சிட்டியா? அவன் எலும்பா கீறான், நீ கும்முனு கீறியே!"

வாய் வரைக்கும் பதில் வந்தது. அதற்குள் நைனாவைப் பார்த்தேன். கையில் கஞ்சி டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தார். இரண்டு பேருக்கும் அளந்து ஊற்றியவர் அவர்தான். அவர் தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தம்பியைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நைனா, இன்னா ஆச்சி?" என்றான் தம்பி.

"அவ எடுக்கலடா," என்றார். "எடுக்கவே இல்ல."

யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

காலேஜுக்குத் திரும்பியதும், ஹாஸ்டலில் டாக்டருக்குப் படிக்கும் ஒருத்தியைப் பிடித்துக் கேட்டேன். "இதுல இன்னாடி அதிசயம்?" என்றாள். ஆண்பிள்ளைக்குக் கொழுப்பு வயிற்றில் சேர்கிறது, பட்டினி போட்டால் முதலில் அது ஓடிவிடுகிறது. நமக்கு இடுப்பிலும் தொடையிலும் சேர்வது அவ்வளவு லேசில் விடாது, உடம்பு அதைப் பிள்ளைக்காகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரே சோற்றைக் குறைத்தாலும் இரண்டு உடம்பும் ஒரே மாதிரி கரையாது. பல் குச்சியால் நகத்தைச் சுத்தம் செய்துகொண்டே சொல்லி முடித்தாள். என் அத்தைக்கு ஒன்பது வருஷம் போனது அந்தக் கொஞ்ச நேரப் பேச்சு யாருக்கும் தெரியாததால். பாத்ரூமில் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

நைனா அவரே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். தங்கை மேல் அபாண்டம் சுமத்தினேன் என்று சொன்னாராம். சாமியார் மன்னிப்பு மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. நீ கெடுத்த பேரை நீயே திருப்பிக் கொடு, முதலில் அவளிடம், பிறகு யார் யாரிடம் கெடுத்தாயோ அவர்களிடம் என்றாராம். நைனாவே என்னிடம் சொன்னார். மறு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எண்ணூர் போனோம்.

மடத்தின் பின்பக்கம், கிணற்றடியில் அத்தை பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜொரம்னு கேள்விப்பட்டேன். ரெண்டும் பொழச்சி வந்துச்சே, மாதாவுக்கு ஸ்தோத்திரம். இன்னாண்ணா, இப்படி எளச்சிட்டே?"

நைனா செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"தப்பு என்னுதுமே. நீ அரிசி எடுக்கல. எனக்கு இப்பதான் புத்தி வந்துச்சி. நீ வூட்டுக்கு வந்துடு."

அத்தை பூசணித் துண்டுகளைப் பாத்திரத்தில் அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

"யார் சொன்னது எடுக்கலைன்னு?" என்றாள்.

"இன்னா?"

"எட்த்தேன்ணா. சாமியார்கிட்ட சொன்னேனே."

நான் குறுக்கே பாய்ந்தேன். "அத்தை, நீ எடுக்கல. தெனம் குறி வெச்சவ நான். ஒரு நாளும் கலையல. எனக்குத் தெரியும், அப்பவே தெரியும்!"

"உனுக்கு இன்னாடி தெரியும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "எட்த்தேன்னு சொல்லி பாவமன்னிப்பு வாங்கினேன். சாமியாரு குடுத்த அபராத செபத்த முட்டி போட்டு சொன்னேன். அதுக்கப்புறம் ஒம்போது வருசமா நன்மை வாங்கிகினு கீறேன். இப்ப எடுக்கலைன்னு சொன்னா, அன்னிக்கு சாமி முன்னால சொன்னது பொய்யா? பொய் சொல்லிட்டு வாங்கின நன்மை எல்லாம் இன்னாவாவும்? நான் எங்கண்ணா போவேன்?"

"நான் சொல்ல வெச்சதுமே அது. பாவம் என் தலைல."

"தொட்டிக்குள்ள நீயா இருந்தே? நான்தான் இருந்தேன்."

சாமியாரிடம் நடந்ததைச் சொன்னால் அவர் புரிந்துகொள்வார், இதில் பாவமே இல்லை என்பார் என்று காலேஜில் கற்றுக்கொண்ட வாயெல்லாம் காட்டிப் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அரிசி ரூமு சாவிய எங்கிட்ட குடுக்காதீங்கன்னு மொத நாளே மதர்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள். "அப்படியே பழகிப்போச்சி பாப்பா. அன்னிக்கு பசி வேற. ராத்திரில நானே எழுந்து எட்த்தேனோ இன்னாமோ, யாரு கண்டா? விடு."

நான் அழுதது அந்த இடத்தில்தான். செய்யாத ஒன்றை ஒன்பது வருஷம் வைத்து வைத்து, செய்தேனோ என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

மணி அடித்தது. அவள் பாத்திரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நீ சரியாத்தான் கண்டுபுட்ச்சே. மனச போட்டு ஒலப்பிக்காதேண்ணா," என்று அண்ணனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நைனா விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்திச் சொன்னார். என் தங்கச்சி எடுக்கல, நான்தான் தப்பா பேசினேன். ஒருத்தர், எந்தத் தங்கச்சி என்றார். ஒருத்தர், பழைய கதை எதுக்கு அண்ணாத்தே என்று தோளைத் தட்டினார். எதிர்வீட்டு அக்காதான் நின்று முழுசாகக் கேட்டாள்.

"அவளே ஒத்துக்கினாளே! உனுக்கு இன்னா இப்ப பேஜாரு? தங்கச்சி பாசம் லேட்டா பொங்குதா?"

கேட்டவர்களில் ஒருத்தர்கூட அவரை நம்பவில்லை. பேரைத் திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் நைனா நன்மை வாங்குவதை நிறுத்திவிட்டார். எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சாமியார் வீட்டுக்கே வந்து கூப்பிட்டுப் பார்த்தார். வரட்டும் அவ, வந்து எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் வாங்குறேன் என்கிறார். அவள் சொல்லப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும்.

இப்போது தெருவில் வேறு பேச்சு. இந்த மனுஷன் ஹார்பரில் ஏதோ பெரிசாக அடித்திருக்கிறான், அதனால்தான் நன்மை வாங்க பயம் என்கிறார்கள். தம்பி சண்டைக்குப் போனான். நைனா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சொல்லிகினு போவட்டும்டா," என்றார். "நீ சாப்புடு."